ஊசி போடாத மருத்துவமனை வேலை



"பட்டம் வாங்கிய பிள்ளை ஆஸ்பத்திரியில் வேலைப்பயிற்சி என்கிறாள். டாக்டரும் இல்லை, தாதியும் இல்லை. அங்கே அவளுக்கு என்னம்மா வேலை?" ஓர் அம்மா என்னிடம் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான்.

அந்தப் பிரிவுக்கு 'அமைப்பு மேம்பாடு' என்று பெயர். மருத்துவர் நோயாளிக்கு வைத்தியம் பார்க்கிறார். ஊழியர்கள் சேர்ந்து வேலை செய்யும் முறைக்கு வைத்தியம் பார்ப்பது இந்தப் பிரிவு. சிங்கப்பூரின் ஆறு பொதுச் சுகாதாரக் குழுமங்கள் மூன்றாக இணையும் என்று 2017-இல் அறிவிக்கப்பட்டது. பெயர்ப்பலகையை மாற்றிவிடலாம், மனிதர்களின் பழக்கத்தை?

அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1996-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். நன்றாக ஒத்துழைக்கும் தாதியர் குழுக்களில்தான் மருந்துப் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன! அங்கே பயமின்றிப் பிழையைச் சொன்னார்கள். மற்ற இடங்களில் மறைத்தார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம்.

என் துறையிலும் பார்த்திருக்கிறேன். ஒலிவாங்கி வேலை செய்யாததை முதலில் கவனித்தவர் புதிதாக வந்த உதவியாளர். சொல்லப் பயந்தார். அரை மணி நேரப் பேட்டி வீணாயிற்று. எங்களுக்குப் போனது ஒலி. மருத்துவமனையில் போவது உயிர்.

பயிற்சிக்குச் செல்லும் பிள்ளைகளே, நகல் எடுக்கச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். தாதியர் வேலைநேரம் மாறும்போது அனுமதி பெற்று, அருகில் நின்று கவனியுங்கள். யார் வாய் திறக்கவில்லை, ஏன் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அம்மா, உங்கள் மகள் ஊசி போடமாட்டாள். ஊசி போடுபவர் "தவறு நடந்துவிட்டது" என்று தயங்காமல் சொல்ல வழி செய்வாள். மகிழ்ச்சியோடு அனுப்பி வையுங்கள்.