அம்மாவும் உட்காரும் பந்தி

(தலைப்பு: மனிதர்களைப் பெரிதும் இணைப்பது வீட்டுச் சாப்பாடா? வெளிச் சாப்பாடா? ‘வெளிச் சாப்பாடே’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியவர் உரை. இடம்: கோயமுத்தூர்)

நடுவர் அவர்களே! வீட்டுச் சாப்பாட்டின் பெருமையை ஓட்டல் மேடையிலே நின்று பேசிவிட்டுப் போயிருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) மாலை ஆறு மணிக்கே அடுப்பை அணைத்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற கோவைத் தாய்மார்களே, பெரியோர்களே!

எனக்கு முன்னால் பேசிய தம்பி ரொம்ப உருக்கமாகப் பேசினார். “எங்க அம்மா கையாலே ஒரு வாய் அரிசிம்பருப்புச் சாதம், மேலே ஒரு கரண்டி நெய். இதுக்கு ஈடு எந்த ஓட்டல்லே இருக்குது?” என்று கேட்டார். நீங்கள் எல்லாம் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். அரிசிம்பருப்புச் சாதத்துக்குக் கை தட்டாதவர் கொங்குநாட்டிலே இருக்க முடியுங்களா? (கைதட்டல்) ஆனால் தம்பி, உங்களை ஒன்று கேட்கிறேன். நீங்க சாப்பிடறப்போ உங்க அம்மா எங்கே இருந்தாங்க?

நடுவர்: பக்கத்துல நின்னிருப்பாங்க.

சரியாச் சொன்னீங்க ஐயா! நின்னிருப்பாங்க! (பலத்த கைதட்டல்) தலைப்பு என்ன? எது ருசி என்பதா? இல்லை. எது சத்து என்பதா? அதுவும் இல்லை. எது மனிதர்களை இணைக்கிறது என்பதுதான் தலைப்பு. அப்பா உட்கார்ந்திருக்கிறார், பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், வந்த மாப்பிள்ளை தலைவாழை இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். ஆக்கினவள் மட்டும் நிற்கிறாள். எல்லோரும் எழுந்த பிறகு, வழித்த சட்டியை மடியிலே வைத்துக்கொண்டு ஆறிப்போனதைச் சாப்பிடுகிறாள். ஒரே வீடு, ஒரே சோறு, ஆனால் இரண்டு பந்தி. இதற்குப் பெயர் இணைப்புங்களா?

மத்திய அரசு 2019-ல் ஒரு கணக்கு எடுத்தது. நாட்டு மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். சம்பளம் இல்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்குக் கொடுக்கிற நேரம் ஒரு நாளைக்கு 299 நிமிஷம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். ஆண்கள்? 97 நிமிஷம். “பரவாயில்லையே, ஒன்றரை மணி நேரம் செய்யறாங்களே” என்று பார்க்கிறீர்களா? அவசரப்படாதீங்க. அது வீட்டு வேலை செய்கிற ஆண்களின் சராசரி! நாலு பேரில் ஒருத்தர்தான் செய்கிறார். மீதி மூன்று பேரும் அந்தச் சராசரியிலேயே வரவில்லை. அவர்கள் எல்லாம் எதிரணியிலே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, மாதத்திலே ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கிராஸ்கட் ரோட்டுப் பக்கமோ ஆர்.எஸ்.புரம் பக்கமோ ஓர் ஓட்டலுக்குப் போய்ப் பாருங்கள். நாலு நாற்காலி. அம்மாவுக்கும் ஒரு நாற்காலி. கையிலே ஓர் அட்டையைக் கொடுத்து, “உங்களுக்கு என்ன வேணுங்க?” என்று ஒருவர் கேட்கிறார். கல்யாணமாகி இருபது வருஷத்திலே அந்தக் கேள்வியை அந்த அம்மாளிடம் முதல் தடவையாக ஒருவர் கேட்கிறார்! (பலத்த கைதட்டல்) அவளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. “நீங்க என்ன சொல்றீங்களோ அதே” என்கிறாள். ஏனென்றால் மகனுக்குப் பிடித்தது தெரியும், மாமனாருக்கு ஆகாதது தெரியும், தனக்குப் பிடித்தது எது என்பது மறந்து போயிற்று. அதை ஞாபகப்படுத்துகிற இடத்துக்குப் பெயர்தான் வெளிச் சாப்பாடு.

அடுத்து, எதிரணித் தலைவர் விருந்தோம்பல் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு வந்தார். வள்ளுவர் பத்துக் குறள் எழுதினார், உண்மை. ஆனால் தமிழிலே சாப்பாட்டுக்கென்றே ஒரு காப்பியம் இருக்கிறதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? மணிமேகலை கையிலே அமுதசுரபி வந்தது. ஆதிரை அதிலே முதல் பிச்சை இட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பாத்திரத்தை மணிமேகலை எங்கே கொண்டு போனாள்? தன் வீட்டு அடுப்படிக்கா? உலக அறவி என்ற ஊர்ப் பொது மண்டபத்துக்குக் கொண்டு போனாள். யார் என்ன என்று கேட்காமல் பசித்தவர்க்கெல்லாம் போட்டாள். வீட்டு விருந்துக்கு அழைப்பு வேண்டும். பொது மண்டபத்துச் சோற்றுக்குப் பசி ஒன்றுதான் அழைப்பு. (கைதட்டல்)

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர் மில் ஊர். 1888-லே இங்கே முதல் நூற்பாலை வந்தது. 1930-களிலே பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்லுக்கு மேல் மில்லாக எழுந்தது. ராத்திரி ஷிப்டு முடிந்து சங்கு ஊதினால், கிராமத்தை விட்டு வந்த ஆயிரக்கணக்கான தொழிலாளிக்கு இட்லி போட்டது எந்த வீடு? டீக்கடையும் மெஸ்ஸும் தானுங்களே போட்டது! அந்தப் பசியிலே வளர்ந்ததுதான் கோயமுத்தூர்ச் சாப்பாட்டுக் கடை. 1968-லே தொடங்கிய அன்னபூர்ணாவின் சாம்பாரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இட்லியைத் தேடிப் பார்த்தால்தான் கிடைக்கும், அவ்வளவு சாம்பார்! (சிரிப்பு) ரோட்டோரத்துக் காளான் இருக்கிறதே, வெளியூர்க்காரர்கள் காளானைத் தேடுவார்கள். முக்கால்வாசி முட்டைக்கோசு! நமக்குத் தெரியும், இருந்தாலும் சாப்பிடுவோம். அந்தத் தள்ளுவண்டியைச் சுற்றிக் கல்லூரி மாணவனும் ஆட்டோக்காரரும் பஞ்சாலை முதலாளி மகனும் ஒரே மாதிரித் தட்டிலே, ஒரே மாதிரி நின்றுகொண்டு சாப்பிடுகிறார்கள். இந்த மூன்று பேரும் ஒருத்தர் வீட்டு நடையிலே ஒருத்தர் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்களா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க.

அய்யா, இங்கேதான் நான் கொஞ்சம் கசப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. வெளிச் சாப்பாடு இந்த நாட்டிலே சும்மா சமமாகிவிடவில்லை. வெள்ளைக்காரன் காலத்து ரயில் நிலையத்திலே பிராமணருக்கு ஒரு சாப்பாட்டு அறை, மற்றவருக்கு ஓர் அறை. 1957-லே, ஈரோட்டிலே பிறந்த பெரியார், சென்னை திருவல்லிக்கேணியிலே முரளி கபே என்ற ஓட்டலின் பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்ற எழுத்தை எடுக்கச் சொல்லிப் போராட்டம் தொடங்கினார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மாதக்கணக்கிலே நடந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் கைதானார்கள். ஒரு பலகைக்காகவா? இல்லை. பலகைக்குப் பின்னால் இருந்த பந்திக்காக! (கைதட்டல்) நம் அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு, உணவு விடுதிக்குள்ளே நுழைய எந்தக் குடிமகனையும் சாதியைச் சொல்லித் தடுக்கக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறது. வீட்டுத் திண்ணையைப் பற்றிச் சட்டம் எழுதவில்லை. எழுத முடியாது. ஓட்டலைப் பற்றி எழுதியது. ஏனென்றால் அது பொது இடம். மாற்ற முடிகிற இடம்.

“அப்படியானால் இரட்டைக் குவளை வெளிச் சாப்பாட்டுக் கடையிலேதானே இருந்தது?” என்று எதிரணி கேட்கும். கேட்க வேண்டும். நம் கொங்கு மண்ணின் கிராமத்து டீக்கடைகளிலே ஒருத்தருக்குக் கண்ணாடி டம்ளர், இன்னொருத்தருக்கு வேறு குவளை என்று இருந்தது. இரண்டாயிரத்துக்கு அப்புறமும் அதை எதிர்த்து இங்கே இயக்கங்கள் போராட வேண்டியிருந்தது. இல்லை என்று நான் மறைக்க மாட்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்தக் குவளை எங்கே இருந்து வந்தது? கடை அதைக் கண்டுபிடிக்கவில்லைங்க. வீட்டுக் கொல்லைப்புறத்திலே கவிழ்த்து வைத்திருந்த கொட்டாங்கச்சிதான் கடைக்கு வந்தது! (பலத்த கைதட்டல்) கடைக்கு வந்ததால்தான் நாலு பேர் கண்ணிலே பட்டது. நாலு பேர் கண்ணிலே பட்டதால்தான் வழக்குப் போட முடிந்தது. வீட்டுக்குள்ளேயே இருந்திருந்தால் இன்றைக்கும் அதற்குப் பெயர் ‘பழக்கம்’.

இன்னொன்று. 2018-லே அவிநாசிப் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடம். சத்துணவு சமைக்க ஒரு தலித் பெண் வந்தார். அவர் ஆக்கினால் எங்கள் பிள்ளைகள் சாப்பிடாது என்று சில பேர் தடுத்தார்கள். அந்தம்மாவை வேறு பள்ளிக்கு மாற்றி உத்தரவு போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகு அந்த உத்தரவு ரத்தானது. தடுத்தவர்கள் மேலே வழக்கும் வந்தது. நான் கேட்கிறேன், தடுத்தவர்கள் யாரும் கோயமுத்தூருக்கு வந்து பரோட்டா சாப்பிட்டதே இல்லையா? மாஸ்டரைக் கூப்பிட்டு, “நீங்க யாரு, எந்த ஊரு, எந்த வளவு?” என்று கேட்டுவிட்டா சால்னா ஊற்றினார்கள்? (பலத்த கைதட்டல்) ஓட்டலிலே கேட்காத கேள்வியை ஊருக்குள்ளே கேட்கிறான். அப்படியென்றால் மனுஷனை மனுஷனாக்கி வைத்திருப்பது எந்தச் சாப்பாடு? நடுவர் அவர்களே, நீங்களே சொல்லுங்க.

“வெளியிலே சாப்பிட்டால் காசு கரையும்” என்றார்கள். உண்மைதான். 2017 நவம்பரிலிருந்து சாதாரண ஓட்டல் சாப்பாட்டுக்கு 5 சதவிகிதம் ஜி.எஸ்.டி. வேறு. 2024 செப்டம்பரிலே நம் ஊர் ஓட்டல் உரிமையாளர் ஒருவர் நிதியமைச்சர் முன்னாலேயே எழுந்து, வெறும் பன்னுக்கு வரி இல்லை, உள்ளே க்ரீம் வைத்தால் 18 சதவிகிதமா என்று கேட்டார். நாடே பேசியது. பன்னையும் க்ரீமையும் இணைத்தாலே வரி போட்ட நாட்டிலே, மனிதர்களை இணைக்கிற சாப்பாட்டுக்கு விலை இருக்காதா? (சிரிப்பு)

ஆனால் விலை மட்டும்தான் வெளிச் சாப்பாடு என்று நினைக்காதீர்கள். ஆலாந்துறைப் பக்கம் வடிவேலம்பாளையத்திலே கமலாத்தாள் பாட்டி. எண்பது வயதைத் தாண்டியும் விறகடுப்பிலே இட்லி ஊற்றி ஒரு ரூபாய்க்கு விற்றவர். 2019-லே உலகத்துக்கே தெரிந்தது. 2020-லே ஊரடங்கு வந்து அரிசி பருப்பு விலையெல்லாம் ஏறியது. பாட்டி இட்லி விலை ஏறவில்லை. கூலி வேலைக்குப் போகிறவன் வயிறு நிறைந்து, நாலு காசு மிச்சம் பிடிக்கட்டும் என்பதுதான் அவர் கணக்கு. சிங்காநல்லூரிலே சாந்தி சமூக சேவை உணவகம். 2020-லே மறைந்த சுப்பிரமணியம் அய்யா நடத்தியது. வசதி உள்ளவரும் இல்லாதவரும் ஒரே வரிசையிலே நின்று, குறைந்த விலையிலே சாப்பிட வைத்தார். அவர் மறைந்த பிறகு நாடு பத்மஸ்ரீ கொடுத்தது. 2013-லே தொடங்கிய அம்மா உணவகத்திலே பெண்கள் இட்லி அவிக்கிறார்கள். அதே இட்லி, அதே ஆவி, அதே வியர்வை. ஆனால் அங்கே சம்பளம் இருக்கிறது. வீட்டிலே “உப்புக் கொஞ்சம் கம்மி” என்ற பட்டம்தான் இருக்கிறது! (சிரிப்பு, கைதட்டல்)

கடைசியாக ‘பப்’ என்றார்கள், ‘பார்’ என்றார்கள். நட்சத்திர ஓட்டலிலே இளவட்டங்கள் கெட்டுப் போகிறார்கள் என்றார்கள். அய்யா, 2003-லிருந்து சில்லறை மதுக்கடையை அரசாங்கமே டாஸ்மாக் என்று நடத்துகிறது. அந்தக் கணக்கை எங்கள் அணி இலையிலே பரிமாறாதீர்கள். நான் பந்திக்கு ஒரே ஓர் அளவுகோல் வைத்திருக்கிறேன். அம்மா உட்கார முடிகிறதா? குழந்தை உட்கார முடிகிறதா? யாரென்று கேட்காமல் அடுத்தவர் பக்கத்திலே உட்கார முடிகிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் அது பந்தி. குடித்துவிட்டு விழுகிற மேஜை பந்தியல்ல. ஆளுக்கு ஒரு செல்போனை வைத்துக்கொண்டு நாலு பேர் நாலு திசை பார்க்கிற மேஜையும் பந்தியல்ல, அது ஓட்டலிலே இருந்தாலும் சரி, உங்கள் வீட்டிலே இருந்தாலும் சரி. (கைதட்டல்)

நான் வீட்டு அடுப்பை அணைக்கச் சொல்லவில்லைங்க. கொள்ளு ரசமும் சந்தகையும் ஒப்புட்டும் வீட்டிலே மணக்கட்டும். ஆனால் ஓட்டல் நமக்கு இரண்டு பாடம் கற்றுக் கொடுத்திருக்கிறது. ஆக்கினவர் யார் என்று கேட்காதே. சாப்பிடுகிறவர் யாரையும் நிற்க வைக்காதே. இந்த இரண்டையும் வீடு என்றைக்குக் கற்றுக்கொள்கிறதோ, அன்றைக்கு வீட்டுச் சாப்பாட்டுக்கு ஆதரவாக நானே வந்து பேசுகிறேன். அதுவரைக்கும், அம்மாவுக்கு நாற்காலி போட்ட வெளிச் சாப்பாடே மனிதர்களை இணைக்கிறது என்று தீர்ப்புச் சொல்லுங்கள் நடுவர் அவர்களே. சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனதும், வீட்டு அம்மாவை முதலிலே உட்காரச் சொல்லி, ஒரு நாளைக்கு நீங்கள் நின்று பரிமாறுங்கள்.

(நீண்ட கைதட்டல்)