லுத்தர் வீட்டுச் சாப்பாட்டு மேசை



1522-இல் ஜெர்மனியில் திருமண வாழ்க்கையைப் பற்றி ஒரு சிறு நூல் வெளிவந்தது. குழந்தையின் மூத்திரத் துணியை அலசும் தகப்பனைக் கண்டு ஊரார் கேலி பேசலாம். ஆனால் விசுவாசத்தோடு அதைச் செய்கிறவனைப் பார்த்துக் கடவுளும் தேவதூதர்களும் மகிழ்கிறார்கள் என்றது அந்த நூல். எழுதியவர் திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர். அப்போது அவருக்கு மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை. துறவி உடையைக்கூட இன்னும் களையாமல் விட்டன்பர்க் மடத்தில் இருந்தார். பிள்ளை பெறாதவர்கள் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசுவது எப்போதுமே சுலபம்தான்!

மூன்றே ஆண்டுகளில் நிலைமை மாறியது. 1525 ஜூனில், மடத்தைவிட்டு வெளியேறியிருந்த கன்னியாஸ்திரீ கத்தரீனா வான் போராவை அவர் மணந்தார். மாப்பிள்ளைக்கு 41 வயது, பெண்ணுக்கு 26. மறு ஆண்டு ஹான்ஸ் பிறந்தான். அவனுக்குப் பின் எலிசபெத், மக்தலேனா, மார்ட்டின், பவுல், மார்கரேத்தா என ஐந்து பேர். உறவுக்காரப் பிள்ளைகளும், தங்கிப் படிக்கும் மாணவர்களும், வந்து போகும் விருந்தாளிகளும் சேர, பழைய மடம் இரைச்சல் மிகுந்த வீடாகிவிட்டது. மாடு, பன்றி, மீன்குளம், தோட்டம், பீர் காய்ச்சுவது எல்லாம் கத்தரீனாவின் பொறுப்பு. லுத்தர் தோட்டத்தில் கை வைத்தார். நியூரம்பர்க்கிலிருந்து விதைகளும் கடைசல் கருவிகளும் வரவழைத்தார். உலகம் தன்னைக் கைவிட்டாலும் கைத்தொழில் சோறு போடும் என்பது அவர் எண்ணம்.

பிள்ளைகளுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது? கத்தரீனா முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்த நாட்களில், 1526-இன் தொடக்கத்தில் வெளிவந்த வழிபாட்டு நூல் ஒன்றில் அவர் ஒரு விளையாட்டைச் சொல்கிறார். பிள்ளையின் மனதில் இரண்டு பைகள் இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று விசுவாசப் பை, மற்றது அன்புப் பை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு அறைகள். கோயிலில் கேட்ட வசனத்தைப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவந்து, காசு போடுவதுபோல் உரிய அறையில் போட வேண்டும். சாப்பிடும்போது பெற்றோர் விசாரிப்பார்கள்: இன்று என்ன கொண்டுவந்தாய், எந்தப் பைக்குள் போட்டாய்? இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று எந்தப் படிப்பாளியும் இகழ வேண்டாம் என்கிறார் லுத்தர். மனிதரைப் பழக்கக் கிறிஸ்து மனிதரானார். பிள்ளைகளைப் பழக்க நாமும் பிள்ளைகளாக வேண்டும் என்பது அவர் வாதம். வேதாகமத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த பேராசிரியர் யோசித்த விளையாட்டு இது.

அந்த யோசனை 1529-இல் சிறிய ஞானோபதேசமாக வளர்ந்தது. சாக்சனி கிராமங்களைச் சுற்றிப் பார்த்தபோது, பத்துக் கட்டளைகளைக்கூட அறியாத மக்களைக் கண்டு அவர் அதிர்ந்துபோயிருந்தார். எனவே நூலின் பகுதிகளைக் குடும்பத் தலைவன் வீட்டாருக்கு எளிமையாகச் சொல்லிக்கொடுப்பதற்காகவே கேள்வியும் பதிலுமாக அமைத்தார். (1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு இதைத் தமிழில் தந்தார், தமிழ் லுத்தரன் குடும்பங்களுக்கு இது பழகிய நூல்.) பெரிய ஞானோபதேசத்தின் முகவுரையிலோ அவர் இன்னும் ஒரு படி இறங்கி வருகிறார். தானும் ஒரு வேத பண்டிதர்தான். ஆனாலும் காலைதோறும் பத்துக் கட்டளைகள், விசுவாசப் பிரமாணம், பரமண்டல ஜெபம் ஆகியவற்றைச் சின்னப் பிள்ளையைப்போல் சொல்லிப் பார்ப்பதாகவும், இன்னும் அந்தப் பாடத்தின் மாணவனாகவே இருப்பதாகவும் எழுதுகிறார்.

இந்த மாணவர் எல்லாப் பாடத்திலும் தேறவில்லை. ஒரு கொட்டையை எடுத்ததற்காகத் தாய் ரத்தம் வரும்வரை அடித்ததையும், தகப்பனின் சவுக்கடிக்குப் பயந்து ஓடியதையும் அவர் மறக்கவே இல்லை. பிரம்புக்குப் பக்கத்தில் ஆப்பிளும் இருக்கட்டும் என்றார், பிரம்பை எடுத்தெறியவில்லை. ஒருமுறை தவறு செய்த மகனை மூன்று நாள் முகத்தில் விழிக்கவிடவில்லை. கத்தரீனாவும் நண்பர்களும் கெஞ்சியும் மனம் இளகவில்லை என்கின்றன அவர் மேசைப் பேச்சைக் குறித்துவைத்த மாணவர்களின் ஏடுகள். வீட்டுக்கு வெளியேயும் அப்படித்தான். 1543-இல் யூதர்களுக்கு எதிராக அவர் கக்கிய நஞ்சுக்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது.

ஆனால் 1530-இல் கோபர்க் கோட்டையில் இருந்த லுத்தர் வேறு மாதிரி. பேரரசர் விதித்திருந்த தடையால் ஆக்ஸ்பர்க் மாநாட்டுக்குப் போக முடியாமல் அங்கே தங்கியிருந்தபோது, ஜூன் மாதம் தகப்பனின் மரணச் செய்தி வந்தது. சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய் அழுதார். இரண்டு வாரம் கழித்து, நாலு வயது ஹான்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் உபதேசம் குறைவு, கதைதான் அதிகம். ஒரு தோட்டம்; பொன் அங்கி அணிந்த பிள்ளைகள் ஆப்பிளும் பேரிக்காயும் பொறுக்குகிறார்கள்; பொன் கடிவாளம் பூட்டிய குட்டிக் குதிரைகள் நிற்கின்றன. ஜெபம் பண்ணிப் படிக்கிற ஹான்ஸும் தன் தோழர்களோடு அங்கே வரலாமாம். தகப்பனிடம் அடிவாங்கி வளர்ந்தவர், அந்தத் தகப்பனின் மரணச் செய்தி வந்த அதே மாதத்தில், தன் மகனுக்கு இப்படி எழுதினார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பள்ளிப் படிப்பு மட்டும் போதும் என்று அவர் நம்பவில்லை. பையன்கள் தினமும் ஓரிரண்டு மணி நேரம் பள்ளியில் இருக்கட்டும், மீதி நேரம் வீட்டில் தொழில் பழகட்டும் என்று 1524-லேயே நகர மன்றங்களுக்கு எழுதினார். பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி வேண்டும் என்றார். ஹான்ஸை 1542-இல் டோர்கா நகரத்துக்கு அனுப்பியது இலக்கணமும் இசையும் கற்கத்தான். அந்தச் செப்டம்பரில் 13 வயது மக்தலேனா தகப்பனின் கைகளிலேயே உயிர்விட்டாள். அவள் கேட்டதற்காக அண்ணனை வரவழைத்திருந்தார்கள். டோர்காவுக்குத் திரும்பிய பையன் வீட்டு நினைவில் வாடினான். கண்ணீரை வென்று படிப்பில் நிலைக்கும்படி டிசம்பரில் லுத்தர் அவனுக்கு எழுதினார். மகளை நினைத்துத் தானே தேறாதிருந்த தகப்பனின் கடிதம் அது.

1505-இல் சட்டப் படிப்பை உதறிவிட்டு, தகப்பனின் கோபத்தையும் மீறி மடம் புகுந்தவர் லுத்தர். அவருடைய மகன்களில் பவுல் மருத்துவரானார். இளைய மார்ட்டின் இறையியல் படித்தும் போதகர் பணியில் சேரவில்லை. மூத்தவர் ஹான்ஸ் படித்தது சட்டம்.