பிரேக் காசை யார் கொடுப்பது?

(தோட்டங்களிலிருந்து வந்து கொழும்பில் முச்சக்கர வண்டி ஓட்டும் இளைஞர்கள் மத்தியில் மாளிகாவத்தையில் ஆற்றிய உரை)



தீபாவளி வருகிறது. உங்களில் பலர் வண்டியிலேயே தோட்டத்துக்கு வருவீர்கள். வரும்போது ஏற்றம். திரும்பும்போது ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கலை என்று ஒரே இறக்கம். பின் சீட்டில் அக்கா, மச்சான், பிள்ளைகள். அதனால் இன்று பிரேக்கைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

மருதானைச் சந்தியில் நன்றாகப் பிடிக்கிற பிரேக், மலையில் பிடிக்காமல் போவது ஏன்? உள்ளங்கைகளை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், சுடும். பிரேக் ஷூவும் டிரம்மும் உரசும்போது நடப்பது அதுதான். கொழும்பில் சூடு ஆற நேரம் கிடைக்கும். நீண்ட இறக்கத்தில் கிடைக்காது. சூடு ஏற ஏற லைனிங்கின் பிடி குறையும். பிரேக் ஒயில் பழசாகி ஈரம் இழுத்திருந்தால், அது கொதித்துக் குமிழி விடும். அப்போது மிதித்தால் பெடல் வெறுமனே கீழே போகும்.

நம் வீதிகளில் அதிகம் ஓடுவது பஜாஜ் ஆர்.ஈ. வண்டி. பொதுவாக அதன் மூன்று சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். இங்கிருந்து பஞ்சிகாவத்தை நடந்து போகிற தூரம். கடைக்குப் போகுமுன் சக்கரத்தைக் கழற்றி நான்கு விஷயம் பாருங்கள்.

ஒன்று, டிரம். உள்ளே விரலால் தடவுங்கள். பள்ளமும் வரம்பும் தட்டுப்பட்டால் புது ஷூ போட்டும் பயனில்லை. கடைந்து எடுக்கலாம், ஆனால் அதற்கும் ஓர் அளவு உண்டு. அளவு தாண்டிய டிரம்மை மாற்றத்தான் வேண்டும்.

இரண்டு, வீல் சிலிண்டர். ஒயில் கசிந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஒயில் குடித்த லைனிங் பிடிக்காது. புது ஷூவும் அதே கதிதான்.

மூன்று, ஷூ. பழையதைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அகலம், வளைவு, ஸ்பிரிங் மாட்டும் துளை எல்லாம் ஒத்திருக்க வேண்டும். லைனிங்கில் வெடிப்போ, ஓரத்தில் ஒட்டு விட்டதோ இருந்தால் வேண்டாம். பில் கேளுங்கள். பின் சக்கரம் ஒன்றுக்கு மட்டும் மாற்றாதீர்கள். இரண்டுக்கும் சேர்த்து மாற்றுங்கள். இல்லையென்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

நான்கு, தூசி. அதை வாயாலோ காற்றடித்தோ ஊதாதீர்கள். சில லைனிங்குகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கும். அது புற்றுநோய் தரக்கூடியது. ஈரத்துணியால் துடையுங்கள்.

புது ஷூ போட்ட அன்றே மலை ஏறாதீர்கள். சில நாள் ஊருக்குள் மெதுவாக ஓட்டினால்தான் லைனிங் டிரம்மோடு பொருந்தும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பெற்றோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது உயிரை அடகு வைப்பது.

இனி முக்கியமான கேள்வி. இங்கே பலர் நாள் வாடகைக்கு ஓட்டுகிறீர்கள். வண்டி இன்னொருவருடையது. ஷூ தேய்ந்தால் “நீதானே ஓட்டுகிறாய், நீயே போடு” என்கிறார் முதலாளி. வாடகையும் பெற்றோலும் போக மிஞ்சுகிற காசில் நீங்கள் தள்ளிப்போடுகிறீர்கள். ஒரு வாரம் ஒரு மாதம் ஆகிறது. விபத்து நடந்தால் கூண்டில் நிற்பது யார்? ஓட்டியவன்.

தோட்டத்தில் கவ்வாத்துக் கத்தியைத் தொழிலாளி தன் காசில் வாங்க வேண்டுமா என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதே கேள்வியை இங்கேயும் கேட்போம். வண்டி எடுக்கும்போதே பிரேக், டயர், ஸ்டியரிங் செலவு உரிமையாளருடையது என்று ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். தனியாகக் கேட்டால் “வேறு ஆள் இருக்கிறான்” என்பார். ஒரே தரிப்பிடத்தில் நிற்கும் எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். அந்தத் தாளை எழுத நாங்கள் உதவுகிறோம்.

சொந்த வண்டிக்காரர்களே, தினமும் லீசிங் காசு எடுத்து வைப்பதுபோல் பிரேக்குக்கும் ஒரு சிறு தொகை எடுத்து வையுங்கள். அம்மாவின் தோட்டை அடகு வைத்து வாங்கிய வண்டி, அம்மாவை ஏற்றிக்கொண்டு பத்திரமாக இறங்க வேண்டும்.