உப்பளக் கரையில் இயன்முறை மருத்துவம்

உடலின் அசைவைக் கவனிக்கும் மருத்துவம் இயன்முறை மருத்துவம். பிசியோதெரபி என்று ஊரறிந்த இந்தக் கலை, வலி எங்கே என்று கேட்பதோடு நிற்பதில்லை. அந்த வலியால் எந்த வேலை நின்றுபோயிற்று, எந்த மூட்டு முழுதாக மடங்கவில்லை, எந்தத் தசை சோர்ந்தது, அதன் பளுவை எந்தத் தசை ஏற்றுக்கொண்டது என்று ஒவ்வொன்றாகத் தேடுகிறது. கண்டறிந்த குறையை உடற்பயிற்சியாலும், கைகளால் செய்யும் சிகிச்சையாலும், வேலை செய்யும் முறையைத் திருத்துவதாலும் சரிசெய்ய முயல்கிறது. உடலுழைப்பையே முதலாகக் கொண்டு வாழ்பவர்களுக்கு இது எந்த அளவுக்குப் பயன்படுகிறது என்பதே இந்தக் கலையின் உண்மையான மதிப்பு. அதை அளந்து பார்க்க மரக்காணத்து உப்பளம் மிகப் பொருத்தமான இடம்.

விழுப்புரம் மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, கழுவெளியும் கழிமுகமும் கடலும் நெருங்கும் தாழ்நிலத்தில் இந்த உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. மழைநீர் வடிந்ததும் சேற்றை அள்ளி வரப்புக் கட்டுகிறார்கள். பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குகிறார்கள். உவர்நீர் பாத்திக்குப் பாத்தி மாறிச் செறிவேறி உப்பு விளைந்ததும், நீண்ட கைப்பிடி கொண்ட பலகையால் அதை இழுத்து ஓரம் சேர்க்கிறார்கள். பிறகு கூடையில் அள்ளி, சும்மாடு வைத்த தலையில் ஏற்றி, வழுக்கும் வரப்பு மேல் நடந்து, மேட்டில் கொட்டிக் குவிக்கிறார்கள். சுமப்பவர்களில் பெண்கள் ஏராளம். வெயில் ஏறுவதற்கு முன் வேலையை முடிக்க வேண்டும் என்பதால் விடியும் முன்பே பாத்தியில் இறங்குகிறார்கள்.

இந்த வேலையின் ஒவ்வொரு படியும் உடலின் ஒவ்வொரு பகுதியைத் தேய்க்கிறது. மிதிப்பது முழங்காலையும் பாதத்தையும் வாட்டுகிறது. பலகை இழுப்பதால் இடுப்பும் தோளும் களைக்கின்றன. தலைச்சுமை கழுத்தை அழுத்துகிறது. குனிந்து தூக்கும்போதெல்லாம் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி, அது அடிவயிற்றின் கீழ்த்தளத்தில் இறங்குகிறது. வலி, நடமாட்டக் குறைவு, இடுப்புத் தளத் தளர்ச்சி என்று மருத்துவ நூல்கள் தனித்தனி அத்தியாயங்களில் பேசும் மூன்றும் இங்கே ஒரே உடலில் சேர்ந்து வருகின்றன.

முதலில் இடுப்பு வலி. 1960களில் ஸ்வீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாச்செம்சன் முதுகெலும்பின் வட்டுகளுக்குள், அதாவது ஜவ்வு என்று மக்கள் சொல்லும் பகுதிக்குள், இருக்கும் அழுத்தத்தை ஊசி செலுத்தி அளக்கத் தொடங்கினார். நிமிர்ந்து நிற்கும்போது உள்ள அழுத்தத்தை 100 என்று கொண்டால், முன்னே குனியும்போது அது 150 ஆகவும், 20 கிலோ சுமையோடு குனியும்போது 220 ஆகவும் ஏறுவதை அவருடைய அளவீடுகள் காட்டின. அழுத்தம் ஏறுவதாலேயே முதுகு கெட்டுவிடும் என்று பொருளில்லை. வட்டும் தசையும் சுமை தாங்கவே அமைந்தவை. ஓய்வே இல்லாமல், ஒரே பக்கமாக, ஒரே வளைவில் மணிக்கணக்காகச் சுமை விழும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

இடுப்பு பிடித்துக்கொண்டது என்று வருபவரை நல்ல இயன்முறை மருத்துவர் முதலில் நடக்கச் சொல்கிறார், குனியச் சொல்கிறார், ஒரு காலில் நிற்கச் சொல்கிறார். வலி காலுக்கு இறங்குகிறதா, பாதத்தில் உணர்வு மங்குகிறதா, கட்டைவிரலைத் தூக்கும் வலு குறைந்ததா என்று சோதிக்கிறார். ஆபத்தான அடையாளம் எதுவும் இல்லையென்றால், படுத்தே கிடக்க வேண்டாம் என்பதே அவர் சொல்லும் முதல் மருந்து. சில நாள் படுக்கையிலேயே தசை வலுவிழக்கத் தொடங்குகிறது. அசைந்தால் முதுகு போய்விடும் என்ற அச்சம் வளர, வலி இன்னும் ஊன்றிவிடுகிறது. 3 மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியில் காயத்தின் பங்கு குறைந்து, நரம்பு மண்டலம் தேவைக்கு மீறி எச்சரிக்கை விடுக்கும் பழக்கமே பெரும்பங்கு வகிப்பது உண்டு. அதை மாற்றுவதற்கு அசைவைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு போவதே வழி.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. உடற்பயிற்சித் திட்டம், வலியைப் பற்றிய விளக்கக் கல்வி, கைமுறைச் சிகிச்சை போன்றவற்றை அது பரிந்துரைத்தது. இடுப்பு பெல்ட், எடை கட்டி இழுக்கும் சிகிச்சை, அல்ட்ராசவுண்ட், தோலின் வழியே மின்னோட்டம் கொடுக்கும் சிகிச்சை ஆகியவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றது. இது நம் ஊர்களுக்கு மிக முக்கியமான செய்தி. கரண்ட் வைத்தால்தான் சிகிச்சை என்று எண்ணி, கூலியை விட்டுவிட்டுப் பத்து நாள் இயந்திரத்தின் முன் படுத்துவிட்டு வருபவர்கள் ஏராளம். சூடும் மின்னோட்டமும் சிறிது நேரம் இதம் தரலாம். கூடை தூக்கும் வலுவை அவை தருவதில்லை. அந்த வலுவைப் பயிற்சிதான் வளர்க்கும்.

வலி மாத்திரையைக் குறைக்க உதவுவதும் இந்தக் கரையில் இயன்முறை மருத்துவத்தின் பெரிய பணி. கொளுத்தும் வெயிலில் உடல் நீர் வற்றியிருக்கும்போது விழுங்கும் வலி மாத்திரைகளில் பல, சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன. தமிழக உப்பளத் தொழிலாளர்களின் வெப்பச் சுமையையும் சிறுநீரகப் பாதிப்பையும் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் ஏற்கெனவே ஆராய்ந்து எச்சரித்திருக்கிறார்கள். வெயிலே சிறுநீரகத்தை வாட்டும் இடத்தில், மாத்திரையின் தேவையைக் குறைக்கும் ஒவ்வொரு பயிற்சியும் சிறுநீரகத்துக்கும் காவலாகிறது.

அடுத்து முழங்கால். மூட்டுத் தேய்மானம் என்று கேட்டதும் நடையைக் குறைப்பதுதான் பலரின் முதல் செயல். தேய்ந்த மூட்டுக்குத் துணை நிற்பவை தொடையின் முன்தசையும் புட்டத் தசையும். நடை குறைந்தால் அவை மெலிகின்றன, மூட்டின் மேல் விழும் பளு கூடுகிறது. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து எழுந்து உட்கார்வது, படி ஏறி இறங்குவது, காலை நீட்டி உயர்த்திப் பிடிப்பது போன்ற எளிய பயிற்சிகளைப் பல வாரங்கள் விடாமல் செய்தால் வலி குறைந்து நடை கூடுகிறது. முதியவர்கள் விழாமல் இருக்கவும் பக்கவாதத்துக்குப் பிறகு மீண்டும் எழுந்து நடக்கவும் தேவையான பயிற்சிகளும் இந்த வகையைச் சேர்ந்தவையே. வீட்டு வாசற்படியும் சுவரும் ஓர் உறுதியான நாற்காலியும் இவற்றில் பலவற்றுக்குப் போதும்.

மூன்றாவது, வெளியே சொல்லப்படாத பகுதி. இருமினால், தும்மினால், கூடை தூக்கினால் சிறுநீர் கசிகிறது. மாலையில் அடிவயிறு கனக்கிறது, ஏதோ கீழே இறங்குவது போல இருக்கிறது. இவற்றைப் பெண்கள் தாயிடமும் மகளிடமும்கூடச் சொல்லத் தயங்குகிறார்கள். பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் என்று தாங்களே முடிவு கட்டிக்கொள்கிறார்கள். அப்படி ஒரு விதி இல்லை. இடுப்பெலும்பின் அடியில் முன்னிருந்து பின்னாக ஒரு தூளி போலத் தொங்கும் இடுப்புத் தளத் தசைகள் சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் மலக்குடலையும் தாங்குகின்றன. பிரசவத்தில் இவை விரிந்து பலவீனப்படுகின்றன. உடல் தேறும் முன்பே சுமை தூக்கப் போவது, நாள்பட்ட இருமல், முக்கி மலம் கழிப்பது ஆகியவை அந்தப் பலவீனத்தைக் கூட்டுகின்றன. உப்பளத்தில் இன்னொரு காரணமும் சேர்கிறது. வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை இல்லாதபோது பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைக்கிறார்கள், சிறுநீரை மணிக்கணக்கில் அடக்குகிறார்கள். அதனால் மலச்சிக்கலுக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் வழி ஏற்படுகிறது.

இந்தத் தசைகளைப் பயிற்சியால் மீட்கலாம் என்பதை அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948இல் எழுதினார். சிறுநீரையும் வாயுவையும் ஒருசேர அடக்குவது போல உள்ளிழுத்து மேலே தூக்கி, சில விநாடி பிடித்து, முழுவதும் தளர்த்த வேண்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது. தொடையையோ புட்டத்தையோ இறுக்கக் கூடாது. ஒரு வேளைக்கு 8 முறையாவது, நாளுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம் செய்ய வேண்டும் என்பது பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நெறி. 14 நாடுகளைச் சேர்ந்த 1,817 பெண்கள் பங்கேற்ற 31 ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பு 2018இல் தொகுத்து ஆராய்ந்தது. இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசிந்த பெண்களில், இந்தப் பயிற்சி செய்தவர்களில் 56 சதவீதத்தினர் குணமானதாகச் சொன்னார்கள். பயிற்சி இல்லாதவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 6 சதவீதத்தினரே. கருப்பை உள்ளிட்ட இடுப்பு உறுப்புகளின் இறக்கத்தைப் பற்றி 2014இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில் 447 பெண்கள் பங்கேற்றார்கள். இயன்முறை மருத்துவரிடம் 16 வாரத்தில் 5 முறை தனித்தனியே பயின்றவர்களுக்கு ஓராண்டு கழித்தும் தொல்லைகள் குறைவாக இருந்தன.

சுமை தூக்குபவர்கள் உடனே பயன்படுத்தக்கூடிய நுட்பம் ஒன்றும் உண்டு. இருமலுக்கும் தும்மலுக்கும் ஒரு கணம் முன்பே இந்தத் தசைகளை இறுக்கிக்கொள்ளப் பழகிய பெண்களுக்கு ஒரு வாரத்திலேயே கசிவு குறைந்ததை மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 1998இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கூடையைத் தூக்கும் தருணத்துக்கும் இதே முறையைச் சொல்லித் தருகிறார்கள். முதலில் இறுக்க வேண்டும், பிறகு மூச்சை விட்டபடி தூக்க வேண்டும். சிலருக்கு இந்தத் தசைகள் தளராமல் அளவுக்கு மீறி இறுகியிருக்கும். அவர்களுக்கு உடலுறவிலும் மலம் கழிப்பதிலும் வலி இருக்கும். இறுக்கும் பயிற்சி அவர்களுக்குக் கேடு செய்யும், தளர்த்தவே கற்றுத்தர வேண்டும். அதனால் கேள்விப்பட்டதை வைத்துத் தானாகத் தொடங்குவதைவிட, பயிற்சி பெற்ற ஒருவர் ஒரு முறையாவது சோதித்துச் சொல்வது நல்லது. புராஸ்டேட் அறுவைக்குப் பிறகு கசிவால் அவதிப்படும் ஆண்களுக்கும் இதே தசைப் பயிற்சி உதவுகிறது.

இந்த மருத்துவத்துக்குக் காலம் தேவை. தசை வலுப்பெற ஏறத்தாழ 12 வாரம் ஆகும். உப்பு விளையும் மாதங்களில், விடியற்காலை வேலைக்குப் போய் அலுத்துத் திரும்பும் உடம்பிடம் அதைக் கேட்பது கடினம். ஆனால் வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை உப்பளத்தை மூடிவிடுகிறது. பாத்திகள் நீரில் மூழ்கிக் கிடக்கும் அந்த 3 மாதம், தசைப் பயிற்சி கேட்கும் 3 மாதத்தோடு அப்படியே பொருந்துகிறது. அப்போது பயிற்சியைத் தொடங்கி, பாத்தி மிதிக்கும் பருவம் வரும்போது வலுவான முதுகோடும் தொடையோடும் இடுப்புத் தளத்தோடும் இறங்கினால் அந்த ஆண்டின் வேலையே வேறாக இருக்கும். மறுபுறம், அதே மாதங்களில் கூலியும் இல்லை. புதுச்சேரி ஜிப்மருக்கோ முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வாரந்தோறும் பேருந்தேறிப் போய்வருவது அப்போதுதான் மிகவும் கடினம். ஆகவே சிகிச்சை வீட்டுக்கு வர வேண்டியிருக்கிறது.

அந்த வழி தமிழ்நாட்டில் திறந்துதான் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டுவருவதோடு, இயன்முறை மருத்துவரும் வீடு தேடி வருகிறார். அரசின் இந்தச் சேவையில் பெரும்பகுதி பக்கவாதமுற்றோருக்கும் படுக்கையில் இருப்போருக்கும் செலவாவது நியாயமே. உழைத்துக்கொண்டிருக்கும் பெண்களின் இடுப்பு வலியும் கசிவும் அந்தப் பட்டியலில் இடம்பெற, வீட்டுக்கு வரும் பெண் களப்பணியாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டாலே போதும்: இருமும்போது சிறுநீர் கசிகிறதா? கேட்டால் சொல்வார்கள். யாரும் கேட்காததால்தான் சொல்லாமல் இருக்கிறார்கள்.

இந்தக் கலைக்குத் தமிழ் மண்ணில் உயர்ந்த மரபும் உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிய விரல்களின் தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தியபோது, புதிய நாணால் விரலை அசைக்க நோயாளியைப் பழக்கியது இயன்முறைப் பயிற்சிதான். அங்கே பணியாற்றிய மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் நேர்ந்த விபத்தால் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே கை அறுவைகளைச் செய்தார், நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் தொடங்கப்பட அவரே முன்னின்றார். இழந்ததை எண்ணி நிற்காமல், எஞ்சிய ஆற்றலை அன்றாட வேலைக்குத் திரும்பக் கொண்டுசேர்ப்பதே சிகிச்சை என்ற நெறியை அவருடைய வாழ்க்கையே நிலைநாட்டியது.

இந்தக் கலைக்கு எல்லைகளும் உண்டு. இடுப்பு வலியோடு சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு போய்விட்டாலோ, தொடைகளுக்கிடையே மரத்துப்போனாலோ, பாதம் தொங்கிவிட்டாலோ பயிற்சியைத் தொடங்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், இரவில் எழுப்பும் வலி ஆகியவற்றுக்கும் முதலில் மருத்துவப் பரிசோதனை தேவை. கருப்பை வெளியே வந்துவிட்ட நிலையில் உள்ளே வைக்கும் வளையமோ அறுவையோ தேவைப்படலாம். எந்தப் பயிற்சியாலும் ஈடுசெய்ய முடியாதவையும் இருக்கின்றன. பாத்தி அருகே கழிப்பறை, நிழல், குடிநீர், சிறிய கூடை, சுமையை நகர்த்தும் தள்ளுவண்டி, இடையிடையே ஓய்வு ஆகியவற்றை உப்பள உரிமையாளர்களும் அரசும்தான் தர வேண்டும். அவை இல்லாமல் தசையை மட்டும் வலுப்படுத்தினால், வலுப்பெற்ற தசையும் விரைவில் தேய்ந்துவிடும்.

எத்தனை கருவிகள், எத்தனை நாள் சிகிச்சை என்று எண்ணி இயன்முறை மருத்துவத்தை மதிப்பிட முடியாது. நோயாளி எதைத் தானாகச் செய்யக் கற்றுக்கொண்டார், சிகிச்சை நின்ற பிறகும் அது அவரிடம் நிலைத்ததா என்பவையே சரியான அளவுகோல்கள். மரக்காணத்தில் அதற்கு அடையாளங்கள் தெளிவானவை: வலி மாத்திரை இல்லாமல் ஒரு பருவம் வேலை செய்ய முடிவது, கை ஊன்றாமல் தரையிலிருந்து எழ முடிவது, கசிவுக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைக்காமல் இருக்க முடிவது. இந்த மூன்றும் கைகூடும் இடத்தில் இந்தக் கலை தன் கடமையைச் செய்திருக்கிறது.