விசில் பிடித்த கையில் மறுபடியும் நோட்டுப் புத்தகம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"இந்த வயசுல உனக்கு எதுக்குடா பரீட்சை?" என்று காலையில் டீ குடிக்கும்போது ஒரு நண்பன் கேட்டான். அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எல்லோருக்கும் சொல்லப் போகிறேன்.

நான் பி.டி. வாத்தியார். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஓட்டமும் நீளம் தாண்டுதலும் பழக்கியவன். ஒருமுறை பதிமூன்று வயதுப் பையன் ஒருவன், "முட்டிக்குக் கீழே வலிக்குது சார்" என்றான். "நடிக்காதடா, ஓடு" என்றேன். இரண்டே மாதத்தில் அவன் மைதானத்துப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டான். சோம்பேறி என்று நினைத்துக்கொண்டேன்.

2020 ஊரடங்கின்போது இந்திய விளையாட்டு ஆணையம் பயிற்றுநர்களுக்கு இணையவழி வகுப்புகள் நடத்தியது. பொழுது போகாமல் உட்கார்ந்தவன்தான். அதற்குப் பிறகு பழக்கம் விடவில்லை. பின்னால் ஒரு பாடத்தில், வளரும் பிள்ளைகளின் காயங்களைப் பற்றி வந்தது. மளமளவென்று உயரும் வயதில், முழங்காலுக்குக் கீழே இன்னும் கெட்டிப்படாத எலும்பைத் தசைநாண் இழுத்துக்கொண்டே இருக்குமாம். ஓடித் தாண்டும் பிள்ளைகளுக்கு அங்கே வீங்கி வலிக்கும். ஆஸ்குட் ஷ்லாட்டர் என்று அதற்குப் பெயர். தாண்டுவதைக் குறைத்து ஓய்வு கொடுத்தால், வளர்ச்சி முடிவதற்குள் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அன்று இரவு தூங்கவில்லை.

போன வருடம் அந்தப் பையனைப் பார்த்தேன். லாரி ஓட்டுகிறான். விஷயத்தைச் சொன்னேன். "அப்ப நான் நடிக்கலைன்னு இப்பவாவது நம்புறீங்களா சார்?" என்றான்.

இன்னொன்று. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 'அடெல்' என்று இலவசப் பாடங்கள் வைத்திருக்கிறது. சளி மாத்திரைகள் சிலவற்றில் இருக்கும் சூடோஎபெட்ரின், போட்டி நாளில் அளவுக்கு மேல் சிறுநீரில் இருந்தால் குற்றம். யார் வாங்கிக் கொடுத்திருந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் வீரர்தான் என்று அதில்தான் படித்தேன். மருந்துக்கடையில் நானே எத்தனை பேருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்!

தம்பி தங்கைகளே, ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். இந்த இலவசச் சான்றிதழ்களை மட்டும் காட்டினால் வேலை கிடைக்காது. 1961-இல் தொடங்கிய பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமாவுக்கு இருக்கிற மதிப்பே தனி. ஆனால் அங்கே போய்த் தங்கிப் படிக்க எனக்கு லீவும் இல்லை, வசதியும் இல்லை. உங்களால் முடிந்தால் அவசியம் போங்கள். போகும்வரை சும்மா இருக்காதீர்கள். பாடங்கள் அநேகமாக ஆங்கிலத்தில்தான். நான் அகராதியும் மகளுமாகத்தான் கரையேறினேன். தாண்டும் பிள்ளையின் கடைசி இரண்டு அடியைத் திரை சொல்லித் தராது. அதற்கு மணல்குழி ஓரமாக வெயிலில் நின்றுதான் ஆக வேண்டும்.

சாப்பாட்டுக்குப் பிறகு வேப்பமரத்தடியில் இருப்பேன். போனைக் கொண்டு வந்தால் எப்படிப் பதிவு செய்வது என்று காட்டுகிறேன்.