மூன்று மொழி வீட்டுக்கு ஒரு ஸ்பீக்கர்



ஓசூர்ப் பக்கம் ஒரு வீட்டில் காலையிலிருந்து ராத்திரி வரை என்னென்ன பாட்டு ஓடுகிறது என்று கேட்டாலே ஊரின் கதை பாதி விளங்கிவிடும். பாட்டிக்குத் தெலுங்கில் கண்டசாலா வேண்டும். பெங்களூரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாத்தாவுக்கு ராஜ்குமார் படப் பாட்டு இல்லாமல் காபி இறங்காது. மகனுக்கும் மருமகளுக்கும் இளையராஜா, பேத்திக்கு அனிருத். மொழி மாறினாலும் சில சமயம் குரல் மாறுவதில்லை. ராஜ்குமாருக்குக் கன்னடத்தில் பாடிய பி.பி. ஸ்ரீனிவாஸ்தானே தமிழில் ஜெமினி கணேசனுக்கும் பாடினார்!

இந்த மாதிரி வீட்டுக்குத் தயாராக விற்கிற எந்தத் தொகுப்பும் சரிப்படாது. சரிகம நிறுவனம் 2017-இல் கொண்டுவந்த கார்வான் பெட்டியில் ஐயாயிரம் இந்திப் பாட்டு இருந்தது. பிறகு தமிழ்ப் பெட்டியும் வந்தது. ஆனால் எந்தப் பாட்டுக்குப் பின்னால் எது வர வேண்டும் என்பதை வீட்டுக்காரர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதை நாம் எப்போதோ செய்துகொண்டுதான் இருந்தோம். எண்பதுகளில் ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. வேண்டிய பாட்டையெல்லாம் ஒரு தாளில் எழுதி, காலி கேசட்டோடு கொடுத்துவிட்டு வந்தால் இசைத்தட்டிலிருந்து பதிந்து கொடுப்பார்கள். அறுபது நிமிட கேசட்டில் பக்கத்துக்கு அரை மணி, அதாவது ஆறேழு பாட்டு. கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடும் என்று தெரிந்தால் கடைக்காரரே “சின்னப் பாட்டா ஒண்ணு சொல்லுங்க” என்பார். காப்புரிமை என்ற பேச்சை அங்கே யாரும் பெரிதாக எடுத்ததில்லை. அப்புறம் எம்பி3 சிடி வந்தது. அதற்கப்புறம் செல்போன் கடைகளில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுத்தார்கள்.

இப்போது பேசினால் பாடும் ஸ்பீக்கர். அமேசானின் அலெக்ஸா 2017-இலும், கூகுளின் ஸ்பீக்கர் 2018-இலும் இந்தியாவுக்கு வந்தன. ஆசையாக வாங்கி வைத்த பலரும் சொல்வது ஒன்றுதான்: “எதைக் கேட்டாலும் பாடுது, நான் சேர்த்து வெச்சதைத் தவிர.”

முதல் காரணம், பட்டியலுக்கு நாம் வைக்கிற பெயர். அலெக்ஸா இந்தியாவில் முதலில் ஆங்கிலம் பேசியது, 2019-இல் இந்தியும் கற்றுக்கொண்டது. தமிழில் எழுதிய பெயரையோ, இதயப் படத்தை ஒட்டிய பெயரையோ வாயால் சொல்லி அதைத் தேட வைப்பது கஷ்டம். பட்டியலுக்கு “ரோஜா” என்று பெயர் வைத்தீர்களானால், மணிரத்னம் படப் பாட்டைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கும். அதன்மேல் தப்பில்லை, அந்தப் பெயரில் அதற்குத் தெரிந்தது அதுதான். படத்தின் பெயரிலும் பாட்டின் முதல் வரியிலும் இல்லாத, லேசான ஆங்கிலப் பெயராக வையுங்கள். “சண்டே கிச்சன்” போதும். கேட்கும்போது “மை பிளேலிஸ்ட்” என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பட்டியல் ஸ்பாட்டிஃபை என்ற பாட்டு ஆப்பில் இருந்தால் “ஃப்ரம் ஸ்பாட்டிஃபை” என்றும் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் தன் சொந்தக் கடையில்தான் தேடும். அலெக்ஸா ஆப்பின் செட்டிங்ஸில் வழக்கமாகப் பாட்டுத் தேடும் இடத்தை ஒருமுறை ஸ்பாட்டிஃபைக்கு மாற்றிவிட்டால் அந்த வால் தேவைப்படாது.

அடுத்தது, இந்த வட்டாரத்துக்கே உரிய தொல்லை. கணவர் செகண்ட் ஷிஃப்ட். கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, இயர்போனை மாட்டிப் பாட்டைத் தட்டுகிறார். அந்த நொடியே வீட்டு ஸ்பீக்கர் நின்றுபோகிறது. அடுப்படியில் இருந்த மனைவி “நெட் போச்சு” என்று ரவுட்டரை அணைத்துப் போடுகிறார், திரும்பவும் பாட்டுக் கேட்கிறார். வீட்டில் பாடுகிறது, பஸ்ஸில் நின்றுவிடுகிறது. இரண்டு பேரும் ரவுட்டர்காரரைத் திட்டுகிறார்கள், பாவம் அவர். ஒரு கணக்கில் ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் பாட்டு ஓடும், அவ்வளவுதான் விஷயம். குடும்பத் திட்டம் எடுக்கலாம். காசு செலவழிக்க வேண்டாம் என்றால் வீட்டுக்குத் தனியாக ஓர் இலவசக் கணக்கு தொடங்கி, பட்டியலை அதற்குப் பகிர்ந்துகொள்ளலாம். நடுவில் விளம்பரம் வரும்.

சிப்காட் தொழிற்பேட்டையில் வேலைக்கு வந்து பிஜி விடுதியில் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு வேறு சிக்கல். பல விடுதிகளின் பொது வைஃபையில் ஒரு கருவியின் கண்ணுக்கு இன்னொரு கருவி தெரியாதபடி பூட்டி வைத்திருப்பார்கள். பாதுகாப்புக்காகத்தான். போனும் ஸ்பீக்கரும் ஒரே வைஃபையில் இருந்தும் ஒன்றையொன்று பார்க்காது. அங்கே ப்ளூடூத்தில் இணைத்துவிடுவதே உத்தமம். போனில் இருக்கிற பழைய மெமரி கார்டு பாட்டும் அந்த வழியில் ஸ்பீக்கருக்கு வந்துவிடும்.

இவ்வளவும் சரிசெய்தாலும் ஒன்று நம் கையில் இல்லை. 2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது. சரிகமவோடு வழக்காகி, அந்த நிறுவனத்தின் பாட்டுகள் எல்லாம் எடுக்கப்பட்டன. பழைய எச்எம்விதான் இன்றைய சரிகம. நம் பழைய திரைப்பாட்டில் எவ்வளவு அங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அடுத்த ஆண்டு ஒப்பந்தம் ஆன பிறகுதான் திரும்பி வந்தன. ரெஸ்ஸோ என்ற பாட்டு ஆப் 2024 ஜனவரியோடு இந்தியாவில் கடையைக் கட்டியது. ஏர்டெல்லின் விங்க் மூடப்போவதாக அதே ஆண்டு ஆகஸ்டில் செய்தி வந்தது. அங்கே வருஷக்கணக்காகச் சேர்த்த பட்டியல்களை வேறு இடத்தில் திரும்ப அடுக்க வேண்டியதாயிற்று.

அதனால் நான் சொல்வது கொஞ்சம் பழைய வழி. இது இல்லாமல் முடியாது என்கிற பாட்டுகளை முறையாக விலைகொடுத்து வாங்கி, அல்லது உங்களிடமுள்ள சிடியிலிருந்து மாற்றி, ஒரு பென்டிரைவில் வையுங்கள். 32 ஜிபியில் சாதாரண எம்பி3 பாட்டு ஆறாயிரம் வரை அடங்கும். வீட்டில் பழைய ஆம்ப்ளிஃபயர் செட் தூங்கிக்கொண்டிருந்தால், யூஎஸ்பியும் ப்ளூடூத்தும் சேர்ந்த போர்டு பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், அதை ஆக்ஸ் வயரால் ஆம்ப்ளிஃபயரில் இணைத்தால் வேலை முடிந்தது. பென்டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். இந்தப் போர்டுகளில் பலவும் வேறு முறையைப் படிக்காது. பாட்டின் பெயருக்கு முன்னால் 001, 002 என்று எண் போடுங்கள். வெறும் 1, 2 என்று போட்டால் ஒன்றுக்கு அடுத்து பத்தாவது பாட்டு வந்து நிற்கும். சில போர்டுகள் பெயரையும் பார்க்காது, எதை முதலில் காப்பி செய்தீர்களோ அதைத்தான் முதலில் பாடும். அப்படிப்பட்டதென்றால் பென்டிரைவைத் துடைத்துவிட்டு, வேண்டிய வரிசையில் திரும்ப ஏற்றுங்கள்.