தைராய்டு மாத்திரையும் ஃப்ளூ ஊசியும்

ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற அக்காமார்களே, இது உங்களுக்கு. ஜீப்பில் ஒருவருக்கு ஃப்ளூ இருந்தால் மற்றவருக்கும் சுலபமாகத் தொற்றும்.

தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் ஃப்ளூ ஊசி போடலாமா? போடலாம். தைராய்டு அதற்குத் தடையில்லை. ஊசியில் உயிருள்ள கிருமி கிடையாது. அதனால், ஊசி போடுவதால் ஃப்ளூ வராது. ஊசி போடும் நாளிலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தைராய்டு அதிகம் சுரப்பதால் கார்பிமசோல் சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சலும் தொண்டைவலியும் வந்தால், ஃப்ளூதான் என்று கசாயத்தோடு இருந்துவிடாதீர்கள். அபூர்வமாக அந்த மாத்திரை ரத்தத்தில் வெள்ளணுக்களைக் குறைத்துவிடும். அது உயிருக்கே ஆபத்து. அடுத்த மாத்திரையைப் போடாமல், அன்றே மருத்துவரைப் பாருங்கள். அன்றே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.